பத்து வெள்ளி அறுபது காசில் வரி எவ்வளவு?

கடையில் சாமான் வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் ரசீதைக் கசக்கி எறிந்துவிடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். மொத்தம் எவ்வளவு என்று பார்ப்போம், மீதிக் காசை எண்ணிக்கொள்வோம், அத்தோடு சரி. ஆனால், 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து 2018-ஆம் ஆண்டு மே மாதக் கடைசி வரை, 38 மாத காலம், அந்தத் துண்டுத் தாளின் அடியில் 'ஜி.எஸ்.டி. 6 விழுக்காடு' என்று ஒரு வரி அச்சாகி வந்தது. அதைப் படிக்கத் தெரிந்த குடும்பத்துக்கும் தெரியாத குடும்பத்துக்கும் மாதச் செலவுக் கணக்கில் வேறுபாடு இருந்தது. மதிப்புக் கூட்டு வரி என்பது என்ன, அதைக் கணக்கிடுவது எப்படி, இன்று நாம் கட்டும் விற்பனை, சேவை வரிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு யாது என்பதைப் பற்றி இன்று பேசுவோம். தாய்மார்கள் ஒரு பென்சிலும் பழைய நாட்காட்டித் தாளும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நல்லது. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். இதில் வேறு வித்தை ஒன்றும் கிடையாது.

செராஸில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். செராஸ், காஜாங் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்த காலம் ஒன்று உண்டு. இன்று அங்கே வீடமைப்புப் பகுதிகளும் பேரங்காடிகளும்தாம் கண்ணில் படுகின்றன. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தாயார், தோட்டம் கைமாறியபின் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தவர் என்று வைத்துக்கொள்வோம். 2015 ஏப்ரல் முதல் வாரம். வீட்டுக்கு அருகிலுள்ள மளிகைக் கடையில் சாமான் வாங்குகிறார். அரிசி 26 வெள்ளி. சீனி 5 வெள்ளி 70 காசு. சமையல் எண்ணெய் 5 வெள்ளி. கோழிமுட்டை 4 வெள்ளி. சவர்க்காரத் தூள் 12 வெள்ளி. பற்பசை 7 வெள்ளி. ஒரு ஜோடி ரப்பர் சிலிப்பர் 10 வெள்ளி. எல்லாம் சேர்த்து 69 வெள்ளி 70 காசு. கடைக்காரர் மொத்தத்துக்கும் 6 விழுக்காடு போட்டு, 4 வெள்ளி 18 காசைக் கூட்டி, 73 வெள்ளி 88 காசு என்று எழுதி, 73 வெள்ளி 90 காசு வாங்கிக்கொள்கிறார். காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், மூன்றாம் படிவத்தில் படிக்கும் மகள் ரசீதைப் பார்த்து, "ஏம்மா, அரிசிக்கு வரி கெடையாதுன்னு டீச்சர் சொன்னாங்களே?" என்று கேட்கிறாள்.

மகள் கேட்டது சரியான கேள்வி. பதில் சொல்வதற்குமுன், இந்த வரி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அந்தப் பத்து வெள்ளி சிலிப்பரையே எடுத்துக்கொள்வோம். நாம் வெட்டிய பாலில் செய்த பொருள் என்பதால் அது நமக்கு நன்றாகத் தெரிந்ததுதானே! கணக்கு எளிதாக இருப்பதற்காக எண்களை நாமே வைத்துக்கொள்கிறோம்.

ஒரு ஜோடிச் சிலிப்பருக்கு வேண்டிய ரப்பரைத் தோட்டம் 2 வெள்ளிக்குத் தொழிற்சாலைக்கு விற்கிறது. அதன்மேல் 6 விழுக்காடு, அதாவது 12 காசு, வரியாக வாங்கி அரசாங்கத்துக்குச் செலுத்துகிறது. தொழிற்சாலை அந்த ரப்பரைச் சிலிப்பராக்கி 5 வெள்ளிக்கு மொத்த வியாபாரிக்கு விற்கிறது. 5 வெள்ளிக்கு வரி 30 காசு. ஆனால், அந்த 30 காசையும் தொழிற்சாலை அரசாங்கத்திடம் கொடுப்பதில்லை. ரப்பர் வாங்கியபோதே 12 காசு வரி கொடுத்திருக்கிறது அல்லவா? அதைக் கழித்துக்கொண்டு மீதி 18 காசை மட்டும் செலுத்துகிறது. மொத்த வியாபாரி 7 வெள்ளிக்கு விற்கிறார். வரி 42 காசு; தாம் கொடுத்த 30 காசைக் கழித்து 12 காசு செலுத்துகிறார். செராஸ் கடைக்காரர் 10 வெள்ளிக்கு விற்கிறார். வரி 60 காசு, கொடுத்தது 42, செலுத்துவது 18 காசு.

இப்போது கூட்டிப் பாருங்கள். 12, 18, 12, 18. மொத்தம் 60 காசு. சிலிப்பர் வாங்கிய தாயார் 10 வெள்ளி 60 காசு கொடுக்கிறார். அந்த 60 காசும் அவர் ஒருவருடைய காசுதான். தோட்டமோ தொழிற்சாலையோ வியாபாரியோ தம் கையிலிருந்து ஒரு காசுகூட இழக்கவில்லை. வசூலித்துக் கொடுக்கும் வேலையை மட்டுமே செய்தார்கள். ஒவ்வொருவரும் பொருளின் மதிப்பில் எவ்வளவு கூட்டினார்களோ, அதற்கு மட்டும் வரி. ஆகவேதான் மதிப்புக் கூட்டு வரி என்ற பெயர். தோட்டம் கூட்டியது 2 வெள்ளி, தொழிற்சாலை 3, மொத்த வியாபாரி 2, கடைக்காரர் 3. ஆக 10 வெள்ளி.

கழித்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு இல்லாமல், கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் முழு விலைக்கும் 6 விழுக்காடு வாங்கினால் என்ன ஆகும்? அதே சிலிப்பர், அதே இலாபம். கடைசியில் தாயார் கொடுக்க வேண்டியது ஏறக்குறைய 11 வெள்ளி 53 காசு. வரிக்குமேல் வரி ஏறிக் குட்டி போட்டுவிடும். இந்தத் தொல்லையை நீக்கத்தான் பிரான்சு நாட்டில் மோரிஸ் லோரே என்ற வரித்துறை அதிகாரி வகுத்த முறை 1954-இல் நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து உலகத்தில் பெரும்பாலான நாடுகளுக்கு அது பரவிவிட்டது. தமிழ்நாட்டில் 2007 ஜனவரி முதல் நாள் மதிப்புக் கூட்டு வரியாக வந்து, 2017 ஜூலை முதல் நாளில் இந்தியா முழுவதற்குமான ஜி.எஸ்.டி.யில் கலந்தது. இலங்கையில் 2002-இலிருந்து இருக்கிறது. அங்குள்ள நம்மவர்கள் 'பெறுமதி சேர் வரி' என்பார்கள், பேச்சில் 'வற்'. அங்கே 2024 ஜனவரியில் 18 விழுக்காடாக உயர்ந்துவிட்டது. சிங்கப்பூரில் 1994-இல் 3 விழுக்காடாகத் தொடங்கியது 2024-இல் 9 விழுக்காடு. ஜொகூரிலிருந்து அங்கே வேலைக்குப் போய்வரும் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே 1972 முதல் விற்பனை வரியும், 1975 முதல் சேவை வரியும் இருந்தன. அவ்விரண்டுக்கும் மாற்றாக வந்ததுதான் பொருள் சேவை வரி என்ற ஜி.எஸ்.டி. பெயர்தான் வேறு; முறை நாம் மேலே கண்ட மதிப்புக் கூட்டு முறையே.

இனி முக்கியமான கணக்கு. சிலிப்பரின் விலையட்டையில் 10 வெள்ளி 60 காசு என்று இருக்கிறது. வரியும் சேர்ந்த விலை. இதில் வரி எவ்வளவு? பெரும்பாலோர் 10 வெள்ளி 60 காசுக்கு 6 விழுக்காடு போட்டு 63 காசு, 64 காசு என்பார்கள். அது தவறு. வரி போட்டது 10 வெள்ளிக்குத்தான். 10 வெள்ளி 60 காசுக்கு அல்ல. 100 வெள்ளிப் பொருள் வரியுடன் 106 வெள்ளி ஆகிறது. ஆகவே, வரி சேர்ந்த விலையை 106 பங்காகப் பிரித்தால் அதில் 6 பங்கு வரி. 106, 6 இரண்டையும் பாதியாக்கினால் 53, 3. விலையை 53-ஆல் வகுத்து 3-ஆல் பெருக்குங்கள். 1,060 காசை 53-ஆல் வகுத்தால் 20. மூன்றால் பெருக்கினால் 60. வரி 60 காசு. வேறொரு பொருள் 53 வெள்ளி என்றால் வரி சரியாக 3 வெள்ளி.

இப்போது மகளுடைய கேள்விக்கு வருவோம். எல்லாப் பொருளுக்கும் வரி ஒன்றல்ல. அரிசி, சீனி, உப்பு, மாவு, சமையல் எண்ணெய், காய்கறி, மீன், இறைச்சி, முட்டை ஆகியவற்றுக்கு 'பூஜ்ய விகிதம்' என்றார்கள். வரி உண்டு, ஆனால் அது சுழி. கேட்கும்போது வேடிக்கையாக இருக்கும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அரிசி விற்பவர் நம்மிடம் ஒரு காசும் வரி வாங்க முடியாது. ஆனால், தாம் வாங்கிய சாக்குக்கும் லாரிக்கும் கொடுத்த வரியை அரசாங்கத்திடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். ஆகவே, அரிசி விலைக்குள் வரி ஒளிந்திருக்க வழியில்லை. பஸ் கட்டணம் அப்படியன்று. அது 'விலக்கு' பெற்றது. பஸ் நிறுவனம் பயணியிடம் வரி வாங்கக்கூடாது. ஆனால், டயருக்கும் உதிரிப் பாகத்துக்கும் தான் கொடுத்த வரி திரும்பக் கிடைக்காது. அந்தச் செலவு என்றைக்காவது கட்டணத்தில் வந்து உட்காரத்தான் செய்யும்.

தாயார் வாங்கியவற்றில் அரிசி, சீனி, எண்ணெய், முட்டை நான்கும் சேர்ந்து 40 வெள்ளி 70 காசு. அதற்கு வரி இல்லை. சவர்க்காரத் தூள், பற்பசை, சிலிப்பர் மூன்றும் 29 வெள்ளி. இதற்கு மட்டும் 6 விழுக்காடு, 1 வெள்ளி 74 காசு. மொத்தம் 71 வெள்ளி 44 காசு. ஒரு காசு நாணயம் 2008 முதல் புழக்கத்திலிருந்து ஒதுக்கப்பட்டு, தொகையை ஐந்து காசுக்குச் சரிசெய்கிறோம் ஆதலால் 71 வெள்ளி 45 காசு. கடைக்காரர் வாங்கியது 73 வெள்ளி 90 காசு. ஆக, 2 வெள்ளி 45 காசு அதிகம்.

அதுமட்டுமல்ல. அந்தக் கடைக்காரருக்கு வரி வாங்க உரிமையே இருந்ததா என்று பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 5 இலட்சம் வெள்ளிக்குமேல் வியாபாரம் செய்பவர் சுங்க இலாகாவில் பதிவுசெய்தாக வேண்டும் என்பது அன்றைய சட்டம். நாளொன்றுக்குக் கணக்கிட்டால் சுமார் 1,370 வெள்ளி. பதிந்தவருக்கு 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும். அதை ரசீதில் அச்சிட வேண்டும். எண் இல்லாத கடை வரி என்று ஒரு காசு வாங்கினாலும் குற்றம். தாமான் கோனோட் இரவுச் சந்தையில் மேசை போட்டு வியாபாரம் செய்பவர் பதியாத சிறு வியாபாரியாக இருந்தால், 'ஜி.எஸ்.டி.க்காக 6 விழுக்காடு' என்று கேட்க அவருக்கு உரிமை இல்லை. எனினும் அவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. தாம் கொள்முதல் செய்யும்போது கொடுத்த வரியை அவரால் திரும்பப் பெற முடியாது. ஆதலால், விலையில் கொஞ்சம் ஏற்றினார். அதற்காக அவரைக் கொள்ளைக்காரர் என்று நாம் சொல்லமாட்டோம். எண்ணில்லாத ரசீதில் வரி என்று எழுதி வாங்கியவரைத்தான் அப்படிச் சொல்ல வேண்டும். விலையேற்றத்தில் வரம்பு மீறுவோரைத் தண்டிக்க 2011-ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டம் இருக்கிறது; அது இன்றும் நடப்பில் உள்ளது. உள்நாட்டு வாணிப அமைச்சில் புகார் செய்யலாம். கையில் ரசீது இருக்க வேண்டும்.

இரண்டு வெள்ளி சொச்சத்துக்கு இவ்வளவு பேச்சா என்று சிலர் எண்ணலாம். 2015-இல் தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 900 வெள்ளி. 26 நாள் வேலை என்றால் நாளொன்றுக்கு 34 வெள்ளி 62 காசு. ஒரு குடும்பம் மாதத்தில் வரியுள்ள பொருள்களுக்காக 700 வெள்ளி செலவிட்டது என்று கொள்வோம். 53-ஆல் வகுத்து 3-ஆல் பெருக்கினால் வரி 39 வெள்ளி 62 காசு. ஒருவருடைய ஒரு நாள் உழைப்புக்கு மேல் போய்விட்டது. வருமான வரி கட்டாத குடும்பம் அரசாங்கத்துக்கு வரியே கட்டவில்லை என்று சில பெரிய மனிதர்கள் பேசுவதுண்டு. அவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம். பெருஞ்சம்பளக்காரர் சம்பளத்தில் பாதியைச் சேமிப்பில் போடுவார். சேமிப்புக்கு இந்த வரி இல்லை. வாங்கியதையெல்லாம் செலவழித்தால்தான் குடும்பம் நடக்கும் என்ற நிலையில் உள்ளவரின் சம்பளத்தில்தான் இந்த வரி பெரும்பங்கு எடுக்கிறது. அரிசிக்கும் மீனுக்கும் சுழி வைத்தது இதைத் தணிப்பதற்காகவே. முழுவதும் தணிந்ததா என்றால் இல்லை என்பதே நம் கருத்து.

2018 மே 9-ஆம் நாள் பொதுத்தேர்தலில் ஆட்சி மாறியது. ஜூன் முதல் நாள் தொடங்கி 6 விழுக்காடு சுழியாக்கப்பட்டது. அப்போது எழுந்த குழப்பம் நினைவிருக்கும். 1,060 வெள்ளிக் குளிர்பதனப் பெட்டி 1,000 வெள்ளிக்கு இறங்கியது. 'ஆறு விழுக்காடு என்றால் 63 வெள்ளி 60 காசு அல்லவா குறைய வேண்டும், 3 வெள்ளி 60 காசை விழுங்கிவிட்டார்கள்' என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு. கடைக்காரர் செய்தது சரி. 53-ஆல் வகுத்துப் பாருங்கள், 60 வெள்ளிதான் வரும். அதே சமயம், விலையட்டையை மாற்றாமலே இருந்துவிட்ட கடைகளும் இருந்தன. அங்கே சண்டைக்குப் போக வேண்டியது நியாயம். கணக்குத் தெரிந்தவருக்குத்தான் எந்தக் கடையில் போக வேண்டும் என்பது தெரிந்தது.

இம்முறையின் இன்னொரு பலவீனமும் அப்போது வெளியே வந்தது. கொடுத்த வரியைத் திரும்பப் பெறலாம் என்பதுதான் இதன் அச்சாணி என்று கண்டோம். வியாபாரிகளுக்குத் திருப்பித் தரவேண்டிய 1,900 கோடி வெள்ளிக்கும் மேற்பட்ட தொகை தேங்கிக் கிடப்பதாக 2018-இல் புதிய அரசாங்கம் அறிவித்தது. திரும்ப வராத பணத்தை வியாபாரி எங்கே தேடுவார்? விலையில்தான். மற்றொரு பக்கம், 2017-இல் ஜி.எஸ்.டி. அரசாங்கத்துக்குச் சுமார் 4,400 கோடி வெள்ளி ஈட்டித் தந்தது. அதை விட்டுவிட்டதால் கருவூலத்தில் பள்ளம் விழுந்ததும் உண்மை.

2018 செப்டம்பர் முதல் நாள் விற்பனை, சேவை வரி மீண்டும் வந்தது. விற்பனை வரி 5 அல்லது 10 விழுக்காடு. அது தொழிற்சாலை வாசலிலோ, இறக்குமதியாகும் துறைமுகத்திலோ ஒரே ஒருமுறை வாங்கப்படுகிறது. சிலிப்பரைப் போல் நான்கு கை மாறும் பொருள் ஒன்றுக்கு 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சாலை விலை 5 வெள்ளி. வரி 50 காசு. மொத்த வியாபாரியும் கடைக்காரரும் முன்போலவே 2 வெள்ளி, 3 வெள்ளி கூட்டினால் நமக்கு 10 வெள்ளி 50 காசு. ஆனால், வியாபாரிகள் பெரும்பாலும் விழுக்காட்டுக் கணக்கில்தான் இலாபம் வைப்பார்கள். அப்படி வைத்தால் வரிக்கும் சேர்த்து இலாபம் ஏறி, 11 வெள்ளி ஆகிவிடும். அரசாங்கத்துக்குப் போனது 50 காசு. நாம் கூடுதலாகக் கொடுத்தது ஒரு வெள்ளி. அந்த மறு 50 காசு எங்கே போனது என்று மளிகைக் கடை ரசீதில் எழுதியிருக்காது. தொழிற்சாலை விலை நமக்குத் தெரியாது ஆதலால், எவ்வளவு வரி கொடுத்தோம் என்று வீட்டில் உட்கார்ந்து கணக்கிடவும் முடியாது. ஜி.எஸ்.டி. கண்ணுக்குத் தெரிந்த வரி. அதனால் அதிகம் திட்டு வாங்கியது. விற்பனை வரி விலைக்குள் கரைந்துவிட்ட வரி. முக்கிய உணவுப் பொருள்களுக்கு இதிலும் விலக்கு உண்டு. 2025 ஜூலையில் இந்த வரியை விரிவாக்கியபோது இறக்குமதிப் பழங்களில் பல 5 விழுக்காட்டுக்குள் வந்தன. ஆப்பிள், ஆரஞ்சு, பேரீச்சம்பழம் ஆகியவை தப்பின.

சேவை வரியை மட்டும் இன்றும் ரசீதில் காணலாம். உணவகங்களில் 6 விழுக்காடு. ஆண்டுக்கு 15 இலட்சம் வெள்ளிக்குமேல், அதாவது நாளொன்றுக்கு 4,100 வெள்ளிக்குமேல் வியாபாரம் நடக்கும் உணவகங்களுக்குத்தான். சாலையோரத்து வாழையிலைச் சாப்பாட்டுக் கடை சேவை வரி கேட்டால் பதிவு எண்ணைக் கேளுங்கள். சில உணவகங்கள் 10 விழுக்காடு 'சேவைக் கட்டணம்' என்று வாங்குவதுண்டு. அது வரியன்று, அரசாங்கத்துக்குப் போவதன்று, கடையோடு நின்றுவிடுவது. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

2024 மார்ச் முதல் பல சேவைகளுக்கு வரி 8 விழுக்காடு ஆகிவிட்டது. உணவு, தொலைபேசி, வாகன நிறுத்துமிடம், சரக்குப் போக்குவரத்து ஆகியவை மட்டும் 6-லேயே நின்றன. 8 விழுக்காட்டுக்கும் நம் கணக்கு மாறாது: 108-இல் 8, சுருக்கினால் 27-இல் 2. கட்டணத் தொலைக்காட்சிக்கு வரியோடு 54 வெள்ளி கட்டினால், 27-ஆல் வகுத்து 2-ஆல் பெருக்க, வரி 4 வெள்ளி. கைத்தொலைபேசியில் வெளிநாட்டுக் கடையிலிருந்து பிள்ளைகள் வரவழைக்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதில் 11-ஆல் வகுத்தால் போதும். வரியோடு 44 வெள்ளிப் பொருள் என்றால் 4 வெள்ளி.

மின்சாரக் கட்டண ரசீதில் இந்த முறையை அப்படியே போட்டுவிடக் கூடாது. வீட்டுக்கு 600 யூனிட்டுக்குமேல் பயன்படுத்தினால்தான் சேவை வரி. அதுவும் 600-ஐத் தாண்டிய பகுதிக்கு மட்டுமே. பெரும்பாலான சிறிய வீடுகளில் அந்தக் கட்டத்தில் சுழிதான் இருக்க வேண்டும். இம்மாத ரசீதை எடுத்து அந்தக் கட்டத்தைத் தேடிப் பாருங்கள்.